கண்டிக்குப் போனவரின் ஊரைத் தேடி

கேள்வி: எனக்கு 71 வயது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தோட்டப் பாடசாலையிலேயே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் தாத்தா 1915 வாக்கில், பதினான்கு வயதுப் பையனாக, தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அழைத்துவரும் ஒரு பெரிய கங்காணியோடு திருச்சினாப்பள்ளி ஜில்லாவிலிருந்து இங்கே வந்தார். 1968இல் இங்கேயே காலமானார். ஊரிலிருந்த அவருடைய தம்பி 1961இல் எழுதிய ஓர் அஞ்சலட்டையும், தாத்தா கழுத்தில் கட்டிக்கொண்டு வந்த தகர வில்லையும் என்னிடம் இருக்கின்றன. அட்டையில் பெரம்பலூர் தாலுகா என்று விலாசம் உள்ளது. அப்பா ஊரைப் பற்றிப் பேசியதே இல்லை. சாமி கும்பிட்டுத் தேங்காய் உடைக்கும்போது மட்டும் ‘மதுரகாளி, செல்லி, பெரியசாமி’ என்று சொல்வார். 76 வயதான, முழங்கால் வலியுள்ள என் அண்ணனோடு அந்த ஊருக்கு ஒருமுறை போய்வர ஆசைப்படுகிறேன். ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? உறவினர்கள் யாராவது இருந்தால் எங்களை ஏற்றுக்கொள்வார்களா? அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து தாத்தாவின் குழிமேட்டில் போட வேண்டும் என்பது என் வேண்டுதல்.

பதில்:

மதிப்புக்குரிய அம்மா,

திருச்சி, பெரம்பலூர் வட்டாட்சியர் அலுவலகங்களில் வருவாய்த் துறைப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் முன்னோர் ஊரைத் தேடி வருகிறவர்களுக்கு வழிகாட்டி வருகிறேன். பலர் ஊரின் பெயரில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு வருவார்கள். உங்களிடம் ஊரும் தாலுகாவும் எழுதிய ஓர் அஞ்சலட்டை இருப்பது பெரிய காரியம். ஊரைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அதிகக் கவலை இல்லை. ஊருக்குள் நுழைந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதில்தான் இந்தப் பயணத்தின் பலன் இருக்கிறது. எனவே முதல் கேள்விக்குச் சுருக்கமாகவும் இரண்டாவதற்கு விரிவாகவும் பதில் எழுதுகிறேன்.

தகர வில்லையிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் எடுத்தபோது ஒவ்வொருவர் கழுத்திலும் எண் பொறித்த வில்லை ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். இலங்கைத் தோட்ட முதலாளிகளுக்காக ஆள் சேர்ப்பதை மேற்பார்த்த சிலோன் லேபர் கமிஷனின் தலைமையிடம் திருச்சியில்தான் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, ரயிலில் வந்து, மண்டபம் என்ற ஊரிலிருந்த முகாமில் மருத்துவச் சோதனைக்காகக் காத்திருந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவது வழக்கமாயிற்று. உங்கள் தாத்தாவும் அந்த வழியே போயிருக்கலாம். வில்லையிலுள்ள எண்கள் ஆள் போய்ச்சேர வேண்டிய தோட்டத்தையும் ஆளின் வரிசையையும் குறிப்பவை. புறப்பட்ட ஊரைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஊரைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் வில்லையைக் கட்டாயம் கையோடு கொண்டுவாருங்கள். அதன் தேவை வேறு, பின்னால் சொல்கிறேன்.

அஞ்சலட்டையில் மூன்று இடங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முதலாவது, ‘போஸ்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால் உள்ள பெயர். உங்கள் தாத்தாவின் ஊர் ஒரு சிறு குக்கிராமமாக இருந்து, தபால் நிலையம் பக்கத்துப் பெரிய ஊரில் இருந்திருக்கலாம். பெரம்பலூர்ச் சீமையில் ‘குடிக்காடு’ என்று முடியும் ஊர்கள் பல இருப்பதால், போஸ்ட் எது என்று தெரிந்தால்தான் எந்தக் குடிக்காடு என்று தெரியும். இரண்டாவது, வட்ட முத்திரை. அட்டை எந்தத் தபால் அலுவலகத்தில் போடப்பட்டது என்பதை அது காட்டும். பின்கோடு 1972இல்தான் வந்தது என்பதால் 1961ஆம் ஆண்டு அட்டையில் நமக்கு அந்த முத்திரைதான் துணை. மூன்றாவது, கடிதத்தின் கடைசி வரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாத்தியாரிடமோ கணக்குப்பிள்ளையிடமோ சொல்லி எழுதச் சொல்வார்கள். ‘இதை எழுதியது இன்னார்’ என்று எழுதியவர் தம் பெயரைப் போட்டிருந்தால், அந்த வாத்தியார் வீட்டை இன்றும் ஊரில் காட்டுவார்கள். (உங்கள் ஊர்க் கணக்கப்பிள்ளை தோட்டத்து உத்தியோகஸ்தர், எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை நிலக் கணக்கு எழுதிய பரம்பரைக் கர்ணம். அந்தப் பரம்பரைப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு, இப்போது கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார்.)

விலாசத்தில் உள்ள பெரம்பலூர் தாலுகாவை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடினால் குழப்பம் வரும். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. பழைய தாலுகாவின் ஊர்கள் இன்று பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் என்று வெவ்வேறு வட்டங்களில் கிடக்கின்றன. எந்த வட்டம் என்பதை அட்டையின் நகலைப் பார்த்ததும் நான் சொல்லிவிட முடியும்.

உங்கள் அப்பா தேங்காய் உடைக்கும்போது சொன்ன மூன்று பெயர்களைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரம்பலூருக்குச் சற்றுத் தெற்கே, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிச் சிறுவாச்சூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மதுரகாளியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். செல்லியம்மன் அவளுக்கு இடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலுள்ள பெரியசாமி மலைக்குப் போய்விட்டதாகத் தல வரலாறு சொல்கிறது. ஆரத்தியை முதலில் மலை இருக்கும் திசைக்குக் காட்டிவிட்டுத்தான் அம்மனுக்குக் காட்டுவார்கள். அந்த மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லும் வழக்கம் இந்த வட்டாரத்துக்கு உரியது. ஊரைப் பற்றி வாய் திறக்காத உங்கள் அப்பா, ஆண்டுதோறும் ஊரின் திசையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பல சாதியாருக்கும் பல ஊர்க்காரர்களுக்கும் அவள் குலதெய்வம் என்பதால் இதை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. அஞ்சலட்டை சொல்லும் வட்டாரம் சரிதான் என்பதற்கு இது உறுதி. அந்தக் கோயிலை வழக்கமாக வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு புதன்கிழமை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஊருக்குள் போனதும் ‘இலங்கைக்குப் போன குடும்பம் எது’ என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்துக் கிழவர் கிழவிகளின் வாயில் அது கண்டி, கண்டிச் சீமை. நுவரெலியாவுக்குப் போனவரும் பதுளைக்குப் போனவரும் அவர்கள் கணக்கில் கண்டிக்குப் போனவர்களே. ‘இந்த ஊரிலிருந்து கண்டிக்குப் போனவங்க வீடு எது’ என்று கேளுங்கள். கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் கையை நீட்டிக் காட்டுவார். சில ஊர்களில் ‘கண்டிக்காரர் வீடு’ என்றே பெயர் நிலைத்துவிட்ட வீடுகள் உண்டு.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்பதாகச் சொன்ன இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரில், எழுபதுகளில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்களும் உண்டு. திருச்சியில் கொட்டப்பட்டு முகாமில் தங்கி, பிறகு தாத்தா பாட்டி ஊரைத் தேடிப் போனவர்கள் அவர்கள். உங்களுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதே தேடலை நடத்தியவர்கள் என்பதால், எந்த ஊரில் எந்த வீடு கண்டியோடு தொடர்புடையது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் தோட்டத்திலிருந்தோ பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ அந்தக் காலத்தில் கிளம்பிப் போனவர்கள் யார், எந்த ஊர் விலாசத்துக்குப் போனார்கள் என்று உங்கள் பக்கத்து முதியவர்களிடம் விசாரித்துக் கொண்டுவாருங்கள். வீட்டுப் பெட்டிகளையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அப்பாவோ தாத்தாவோ இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தால், அந்தத் தாள்களின் நகல் ஏதேனும் எஞ்சியிருக்கக்கூடும்.

இனி, ஏற்றுக்கொள்வார்களா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி நிலத் தகராறுகளில் கழிந்தது என்பதால் இதை மறைக்காமல் சொல்கிறேன். ஐம்பது அறுபது ஆண்டுகளாகத் தொடர்பில்லாத ஒரு கிளை திடீரென்று வாசலில் வந்து நின்று ‘நான் உங்கள் பெரிய தாத்தாவின் பேத்தி’ என்றால், அந்த வீட்டு ஆண்களின் மனத்தில் முதலில் எழுவது பாகம் கேட்க வந்திருப்பார்களோ என்ற பயமே. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு ஏக்கர் மானாவாரிக் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம் அது. பட்டா இன்னும் அண்ணன் தம்பிகள் பெயரில் கூட்டாகக் கிடக்கலாம். அதில் உங்கள் சின்னத் தாத்தாவின் பெயரே கூட நீக்கப்படாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில், வந்தவர் கையில் பழைய சர்வே எண்ணும் அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டின் நகலும் இருப்பதைப் பார்த்தால் காப்பி வரும், உட்கார நாற்காலி வரும், ஆனால் உண்மையான பேச்சு வராது. ஊரின் மூத்தவர் யார் என்று கேட்டால் ‘எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க’ என்பார்கள். அந்த மூத்தவர் பின்கட்டில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார்.

ஆகவே நில ஆவணங்களை முதலில் தேடாதீர்கள். அரசின் இணையதளத்திலேயே பட்டா விவரம் பார்க்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள்; பார்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். சொத்து பற்றிய எண்ணம் உங்களுக்கோ அண்ணனுக்கோ உண்மையிலேயே இருந்தால், அதை ஒரு வழக்கறிஞரிடம் தனியாகக் கேளுங்கள். இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். அப்படி எண்ணம் இல்லையென்றால், வாசலில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்திலேயே, யாரும் கேட்பதற்கு முன்பே, சொல்லிவிடுங்கள்: ‘நாங்கள் நிலத்துக்கோ பணத்துக்கோ வரவில்லை, எங்கள் தாத்தா என்ன ஆனார் என்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம்.’ உங்கள் அண்ணன் இதைச் சொன்னால் இன்னும் நல்லது. எங்கள் ஊர்களில் பங்காளி வீட்டு மூத்த ஆண் வாயால் வந்த சொல்லுக்கு இன்னும் ஒரு மதிப்பு இருக்கிறது.

அந்த வாக்கியத்தின் பின்பாதியை நான் யோசித்துத்தான் எழுதினேன். உங்கள் கடிதம் முழுவதும் நீங்கள் அங்கிருந்து பெறப்போவதைப் பற்றியே பேசுகிறது. அவர்களுக்கும் உங்களிடமிருந்து ஒன்று தேவைப்படுகிறது. கண்டிக்குப் போய்த் திரும்பாத பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு கேள்வி கிடக்கிறது: இருந்தாரா, செத்தாரா, செத்தால் எப்போது? சில ஆண்டுகளுக்கு முன் மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரை வேப்பந்தட்டை அருகே ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஒரு மணி நேரம் பேச்சு ஒட்டவே இல்லை. அவர் தம் தாத்தாவின் இறப்புச் சான்றிதழை வெளியே எடுத்தார். அந்த வீட்டு மூதாட்டிக்கு எண்பதைத் தாண்டியிருக்கும், பார்வை மங்கிவிட்டது. தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘என்ன மாசம்? வளர்பிறையா, தேய்பிறையா?’ என்று கேட்டார். போனவர் உயிரோடு இருந்துவிட்டால் பாவம் என்று, அவர் பெயரைச் சொல்லி அந்த வீட்டில் அதுவரை ஒருநாளும் படையல் போட்டதில்லை. பதில் தெரிந்ததும் பேரனைக் கூப்பிட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் பென்சிலால் குறிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்களை இரவுச் சாப்பாடு சாப்பிடாமல் விடவில்லை.

எனவே கிளம்புவதற்கு முன், உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் தாத்தாவின் இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். 1968இன் அந்தத் தேதிக்குரிய தமிழ் மாதம், பிறை, திதி எல்லாவற்றையும் பழைய பஞ்சாங்கம் பார்த்து எழுதி வையுங்கள். குழிமேட்டின் நிழற்படம் ஒன்று, தாத்தா பாட்டியின் நிழற்படம் இருந்தால் அதன் பெரிய நகல், தாத்தாவின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு வம்சாவளித் தாள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகர வில்லையை அப்போது எடுத்து அந்த வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். பதினான்கு வயதுப் பையன் கழுத்தில் கிடந்த பொருள் அது. உங்கள் கதை உண்மைதான் என்பதற்கு அதற்கு மேல் யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள். அன்பளிப்பு என்று எதுவும் விலை உயர்ந்ததாக வேண்டாம். உங்கள் தோட்டத்துத் தேயிலையே போதும்.

கசப்பான ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். உங்கள் அப்பா ஊரைப் பற்றிப் பேசாததற்கு மறதி காரணமாக இருக்காது. அந்தக் காலத்தில் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கண்டிக்குப் போனவர்கள் உண்டு. பண்ணையிலும் தெருவிலும் பட்ட சாதி இழிவுக்குத் தப்பிப் போனவர்களும் மிகப் பலர். மகன் அதைக் கேட்டு வளர வேண்டாம் என்று உங்கள் தாத்தா நினைத்திருக்கலாம். இன்றும் எங்கள் ஊர்களில் வீட்டைத் தேடி விசாரித்தால், சுற்றி வளைத்து எந்தத் தெரு, என்ன ஆளுக என்ற கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். ஊரும், ஒடுக்கப்பட்டவர்கள் குடியிருக்கும் காலனியும் இன்னும் தனித்தனியாகவே இருக்கின்றன. எழுபத்தொரு வயதில் முதன்முறையாக அந்தக் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொள்ள நேர்வது உங்களுக்கு வலிக்கும். அதற்கு மனத்தை இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள். அண்ணனுக்கு ஏதேனும் தெரிந்திருந்தால் இருவரும் வீட்டிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மறைக்கவும் வேண்டாம், தலை குனியவும் வேண்டாம். எந்தத் தெருவில் உங்கள் உறவு இருக்கிறதோ அந்தத் தெருவுக்கு நேராகப் போய் உட்காருங்கள்.

பயண ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொங்கல் முடிந்த பிறகு, தை மாதத்தின் பிற்பாதியில் வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. மலைக் குளிரில் வாழ்ந்த உடம்புக்குப் பெரம்பலூரின் சித்திரை வெயில் ஆகாது. கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. திருச்சியிலிருந்து சாலை வழியே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், வாடகைக் கார் அமர்த்திக்கொள்ளுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இந்திய சுற்றுலா விசாவுக்கு இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். உறவினர் வீட்டில் தங்க வற்புறுத்துவார்கள். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் அதை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி வீடுகளுக்கும் பொருந்தும் என்பதால், அந்தத் தொல்லையை அவர்கள் தலையில் வைக்காமல் நகரத்து விடுதியில் தங்கிப் பகலில் ஊருக்குப் போய்வாருங்கள். அண்ணனின் முழங்காலுக்கும் அதுவே நல்லது. மேற்கத்தியக் கழிப்பறை உள்ள அறையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இருவரின் மருந்துகளையும் மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டமிடாதீர்கள். முதல் நாள் ஊர் உங்களைப் பார்க்கும். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் பேசும். ஐந்து நாட்களாவது பெரம்பலூரிலேயே இருங்கள், அதில் ஒன்று திங்களாகவோ வெள்ளியாகவோ அமையட்டும்.

பிடி மண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மண்ணை நாடு விட்டு நாடு கொண்டுபோகத் தாவர நோய்த் தடுப்பு விதிகள் இடம் கொடுப்பதில்லை. விமான நிலையத்தில் இரண்டு முதியவர்கள் அதற்காகத் தலை கவிழ்ந்து நிற்க வேண்டாம். சிறுவாச்சூரில் அம்மனின் குங்குமமும் திருநீறும் வாங்கிக்கொண்டு போய்த் தாத்தாவின் குழிமேட்டில் இடுங்கள். ஊர் மண்ணில் நீங்கள் இருவரும் வெறுங்காலோடு நடந்துவிட்டு வாருங்கள்.

உறவினர் யாரும் அகப்படாமல் போகலாம். வேலைக்காக ஊரைக் காலி செய்து திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். அப்படி நேர்ந்தால் கோயில் பூசாரியிடமும், குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியை எழுதி வைத்திருக்கும் ஊர்ப் பெரியவரிடமும், கிராம நிர்வாக அலுவலரிடமும் தாத்தாவின் பெயர், அவர் தம்பியின் பெயர், உங்கள் தொலைபேசி எண் மூன்றும் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அப்படிக் கொடுத்துவிட்டுப் போன ஒருவருக்கு எட்டு மாதம் கழித்துத் திருப்பூரிலிருந்து அழைப்பு வந்தது.

அஞ்சலட்டையின் இரண்டு பக்கங்களையும், முத்திரை தெளிவாகத் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தாத்தாவின் தம்பி பெயரையும், அந்த அட்டையில் வேறு யாருடைய பெயராவது நலம் விசாரிப்பில் வந்திருந்தால் அதையும் தனியே எழுதுங்கள். விமானச் சீட்டை அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.